எந்த அதிகாரத்தின் கீழ்

என் கறுப்பு அங்கியின் முதுகில் வெள்ளை எழுத்து.
தூரத்துப் பார்வைக்கு அது பொலிஸ்தான்.
கிட்ட வந்து வாசிப்பவர்களுக்குக்
கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் துணிச்சல்.

"நீ பொலிஸா?"
ஹல் நகரத்து அவசரப் பிரிவின் வாசலில்
இரவொன்றுக்கு நாலு தடவையாவது கேட்பார்கள்.
இல்லை.
"அப்ப என்னைத் தொடாதே."

பயிற்சியில் நான் பாடமாக்கியது இவ்வளவு:
வீதியில் போகும் எவருக்கும் உள்ள அதிகாரம் எனக்கும் உண்டு,
அதற்கு மேல் ஒரு கைப்பிடி.
காரணமில்லாமல் கத்துபவரை வெளியே கொண்டுபோய் விடலாம்.
அவர் நெஞ்சைப் பிடித்து "நோகுது" என்றால்
அந்தக் கைப்பிடியும் கழன்றுவிடும்.
நோயாளியை வெளியேற்ற எனக்குச் சட்டமில்லை.
புத்தி தெளிந்த நோயாளி வெளியேறினால்
நிறுத்தவும் இல்லை.

தமிழில் யோசித்தால் குழப்பம் இன்னும் கூடும்.
பொலிஸும் காவல். வயலில் நட்ட வெருளியும் காவல்.
பூட்டி வைத்தாலும் காவல்,
காய்ச்சல்காரன் கட்டிலருகே விழித்திருந்தாலும் காவல்.
ஒரே சட்டையை எத்தனை பேர் உடுத்துவது?
இந்த நாட்டுச் சட்டம் அதைத் துண்டு துண்டாய் வெட்டி
எனக்குக் கடைசித் துண்டைத் தந்திருக்கிறது.

பெப்ரவரி, செவ்வாய், விடிய மூன்றே கால்.
ஹோல்ட்பி எழுந்தார்.
எழுபத்தொன்பது வயது, ஆறடி,
மீன்பிடிக் கப்பலில் வலை இழுத்த தோள்கள்.
ஒன்பது மணி நேரம் நாற்காலியில் இருந்துவிட்டுப்
"போதும்" என்றார்.
ஒரு காலில் சப்பாத்து, மற்றதில் ஆஸ்பத்திரிக் காலுறை.

தாதி பிலிப்பா ஓடி வந்தாள்: "டாயா, அவரை விடாதே!"
என் பெயர் தயாபரி. அட்டையில் பாதிக்குத்தான் இடம்.

டாக்டரைப் பார்த்தேன்.
கேட்க வேண்டியதை அவர் கேட்டு முடித்திருந்தார்:
இன்றைக்கு என்ன கிழமை, போனால் என்ன ஆகும், தெரியுமா.
"தெரியும். செத்தால் சாகிறேன்" என்றாராம் ஹோல்ட்பி.
தெளிவு உண்டு என்று எழுதியாயிற்று.
அந்த ஒரு வரியில் என் இரண்டு கைகளும்
சட்டைப் பைக்குள் போய்விட்டன.

கதவுக்கு ஆளைக் கண்டால் திறக்கத்தான் தெரியும்.
திறந்தது.

பின்னால் போனேன். நடப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.
மஞ்சள் கோடு வந்தது. அதற்கப்பால் மாநகராட்சியின் நடைபாதை.
அங்கே நான் குளிரில் நிற்கும் ஒரு பெண், அவ்வளவுதான்.

"என்னைக் கைது செய்யப் போகிறாயா?"
"முடியாது."
"பின்னே ஏன் வருகிறாய்?"
"முதல் பஸ் ஐந்து பத்துக்கு. தனியாக நிற்பீர்கள்."

அவர் பேசவில்லை. ஹம்பர் பக்கமிருந்து காற்று
உப்போடு வந்து அவருடைய மெல்லிய அங்கியைத் தூக்கியது.
அப்போதுதான் கண்டேன், முழங்கைக்குக் கீழே,
நரம்புக்குள் ஏற்றிய சின்னக் குழாய்,
இளஞ்சிவப்பு மூடி, அதன்மேல் பிளாஸ்டர்.

"ஐயா, அது எங்களுடைய சாமான்."
"எது?"
"அந்தக் குழாய். அதைக் கொண்டுபோக விடமாட்டேன்."

கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கடலில் பாதி ஆயுள் கழித்தவர் சிரித்தால்
இருமலும் சேர்ந்தே வரும்.
"களவு மட்டும் நான் செய்ததில்லை" என்று
திரும்பினார்.

குழாயை எடுக்கப் பிலிப்பா வேண்டுமென்றே நேரமெடுத்தாள்.
தேநீர் வந்தது. இருதயத்தைப் படமெடுத்தார்கள்.
நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.
நான் வேலை முடித்தபோது கட்டில் கிடைத்திருந்தது.
அதற்குப் பிறகு தெரியாது.

வீட்டுக்குப் போகுமுன் அறிக்கை.
பலம் பயன்படுத்தப்பட்டதா: இல்லை.
கைவிலங்கு: இல்லை.
எந்த அதிகாரத்தின் கீழ்?
பட்டியலில் பதினொரு சட்டம். ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினேன்.
வெறுமையாக விட்டால் கணினி நகராது.
அடியில் 'மற்றவை'. தட்டினேன்.
விளக்கவும் என்றது.

கூட நின்றேன் என்று எழுதினேன்.